எல்லைப்புறத்துக் கல்லூரிப் பிள்ளைகளும் கொரோனா கால இணைய வகுப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் குடியிருப்பது கேரளத்தின் பாலக்காடு மாவட்டம், சித்தூர் வட்டத்தில் உள்ள கொழிஞ்சாம்பாறை. பாடம் எடுப்பது எல்லைக்கு அந்தப் பக்கம், கோயம்புத்தூரைச் சேர்ந்த ஒரு கல்லூரியில், வணிகவியல். கொரோனா காலத்தில் கல்லூரிப் பிள்ளைகள் இணைய வகுப்புக் கருவிகளை எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்று ஆய்வு செய்கிற மாணவர்கள் வருஷா வருஷம் என்னைத் தேடி வருகிறார்கள். கேட்பதெல்லாம் கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்தான். அதனால் என் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஆய்வுகளில் ‘ஏற்பு’ என்று சொல்கிறார்களே, அது என்ன?

ஒரு புதுக் கருவியை ஒருவர் தன் வேலைக்கு எடுத்துக்கொண்டு தொடர்ந்து பயன்படுத்துவதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். 1989இல் ஃபிரெட் டேவிஸ் இதற்கு ஒரு மாதிரியைக் கொடுத்தார். இதனால் எனக்குப் பலன் உண்டு என்ற எண்ணம், இதைப் பயன்படுத்துவது சுலபம் என்ற எண்ணம், இந்த இரண்டும் இருந்தால் ஆள் கருவியை எடுத்துக்கொள்வார் என்றார். 2003இல் விஸ்வநாத் வெங்கடேஷும் அவரோடு சேர்ந்தவர்களும் (டேவிஸும் அதில் ஒருவர்) அதை விரித்தார்கள். எதிர்பார்க்கிற பலன், பட வேண்டிய சிரமம், சுற்றியிருப்பவர்களின் பேச்சு, கைக்கு எட்டுகிற வசதி என்று நான்கு காரணங்களை வைத்தார்கள். உங்கள் பேராசிரியர் கொடுக்கிற ஆய்வு வினாத்தாள் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றிலிருந்து வந்ததாகத்தான் இருக்கும்.

நல்ல மாதிரிகள்தான், குறை சொல்லவில்லை. ஆனால் இவை வளர்ந்தது அலுவலகங்களில். மேஜை மேல் கணினி இருக்கிறது, மின்சாரம் இருக்கிறது, ஊழியர் அதில் புது மென்பொருளைத் தொடுகிறாரா இல்லையா என்பதுதான் அங்கே கேள்வி. நம் பிள்ளைகளுக்கு அந்த மேஜையே இல்லை. 2017-18 தேசிய மாதிரிக் கணக்கெடுப்புப்படி இந்தியக் கிராமப்புறத்தில் 100 வீடுகளில் ஏறத்தாழ 15இல்தான் இணைய வசதி இருந்தது. கணினி இருந்த வீடுகள் ஐந்துக்கும் குறைவு. ஆகவே நான்காவதாக வைத்த ‘கைக்கு எட்டுகிற வசதி’தான் இங்கே முதல் கேள்வி ஆகிவிடுகிறது.

இன்னொன்றையும் சேர்த்து யோசியுங்கள். வகுப்புக்கு வராவிட்டால் வருகைப்பதிவு போய்விடும் என்றால், வந்ததை ‘ஏற்பு’ என்று எப்படிச் சொல்வது? யாரும் கட்டாயப்படுத்தாத இடத்தில் பிள்ளைகள் எதை எடுத்துக்கொண்டார்கள் என்று தேடினால்தான் விஷயம் பிடிபடும்.

எல்லையில் இருந்ததால் அப்படி என்ன வித்தியாசம் வந்தது?

நிறைய வந்தது. கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், எருத்தேம்பதி, கோபாலபுரம் பக்கமெல்லாம் வீட்டில் பேசுவது தமிழ். ரேஷன் கார்டு கேரளம். ஒரே வீட்டில் அக்கா கோயம்புத்தூரில் பாரதியார் பல்கலைக்கழகத்தின் கீழ் படிப்பாள், தம்பி இந்தப் பக்கம் கோழிக்கோடு பல்கலைக்கழகத்தின் கீழ் படிப்பான். அக்காவுக்குத் தேறாத பாடம் ‘அரியர்’, தம்பிக்கு அதே ‘சப்ளி’.

2020 மார்ச் 10ஆம் தேதி கேரளம் கல்லூரிகளை மூடுவதாக அறிவித்தது. தமிழ்நாட்டில் ஒரு வாரம் கழித்துத்தான் மூடினார்கள். அந்த ஒரு வாரம் இங்கிருந்து போய்ப் படிக்கிற பிள்ளைகள் பஸ் பிடித்துப் போனார்கள். அப்புறம் மார்ச் 25 முதல் நாடு முழுக்க ஊரடங்கு. எல்லையை அடைத்தார்கள். அடுத்த தெருவுக்குப் போவது போலப் போய் வந்த வேலந்தாவளம் செக்போஸ்ட்டைத் தாண்ட பாஸ் வேண்டும் என்று ஆனது. மே மாதம் பாஸ் இல்லாமல் ஊர் திரும்பியவர்களை வாளையாறு செக்போஸ்ட்டில் நிறுத்தினார்கள். அதில் மாணவர்களும் இருந்தார்கள். விடுதியில் விட்டு வந்த புத்தகத்தை எடுக்கப் பல மாதம் ஆனது என் மாணவிகளுக்கு. கையில் நோட்டுப் புத்தகம்கூட இல்லாமல், போனில் வருவதை மட்டும் வைத்துப் படித்த பருவம் அது.

உதவியும் எல்லையில் பிரிந்தது. 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை தமிழ்நாடு அரசு கல்லூரி மாணவர்களுக்கு நாளுக்கு 2 ஜிபி இலவச டேட்டா கார்டு கொடுத்தது. ஒன்பதரை லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களுக்கு என்று அறிவித்தார்கள். மேலே சொன்ன மாதிரி வீட்டில் அக்கா அந்தத் திட்டத்துக்குள், தம்பி வெளியே. பல வீடுகளில் அக்காவின் ஹாட்ஸ்பாட்டில் தம்பி படித்தான். இதை எந்த அரசின் கணக்கிலும் பார்க்க முடியாது.

கல்லூரி திறந்ததும் ஒரே நேரத்தில் இல்லை. இரண்டாம் அலைக்குப் பிறகு தமிழ்நாடு 2021 செப்டம்பர் 1இல் திறந்தது, கேரளம் அக்டோபர் 4இல் கடைசி வருஷத்துப் பிள்ளைகளுக்கு முதலில் திறந்தது. எனவே ‘ஊரடங்குக் காலம்’ என்று வினாத்தாளில் பொதுவாகப் போடாதீர்கள். எந்தப் பக்கத்துக் கல்லூரி, எந்த மாதம் என்று கேளுங்கள்.

எந்தெந்தக் கருவிகள் புழக்கத்தில் இருந்தன?

முதலில் ஜூம். இலவசக் கணக்கில் குழு வகுப்பு 40 நிமிஷத்தில் தானாக அறுந்துவிடும், மறுபடி லிங்க் அனுப்பி எல்லோரையும் உள்ளே அழைக்க வேண்டும். 2020 ஏப்ரலில் ஜூம் பாதுகாப்பானது இல்லை என்று மத்திய உள்துறை எச்சரித்ததும் பல கல்லூரிகள் தயங்கின. மே மாதம் கூகுள் மீட் எல்லோருக்கும் இலவசம் ஆனது, பெரும்பாலானோர் அதற்குப் போய்விட்டோம். வேலை கொடுக்கவும் வாங்கவும் கூகுள் கிளாஸ்ரூம், சிறு தேர்வுக்கு கூகுள் ஃபார்ம். இவையெல்லாம் கல்லூரி சொன்னவை. பிள்ளைகள் தாமாகக் கொண்டுவந்தவை இரண்டு: வாட்ஸ்அப், யூடியூப்.

வாட்ஸ்அப் அவ்வளவு முக்கியமா? அது பாடம் நடத்துகிற கருவியே இல்லையே?

பாடம் நடத்த அதை யாரும் செய்யவில்லை, உண்மைதான். ஆனாலும் என் வகுப்பு உயிரோடு இருந்தது அதில்தான். எப்படி என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

மீட்டில் கன்சைன்மென்ட் கணக்கு (விற்றுத் தரச் சொல்லி இன்னொருவருக்கு அனுப்பும் சரக்கின் கணக்கு) நடத்தினேன். அனுப்பிய சரக்கில் வழியில் கெட்டுப்போனதை எப்படிக் கழிப்பது என்பது அன்றைய கணக்கு. அறுபது பேர் இருக்க வேண்டிய வகுப்பில் முப்பதுக்குக் கீழே இருந்தார்கள். இருந்தவர்களிலும் பாதிப் பேருக்குக் குரல் விட்டு விட்டுக் கேட்டது. “மிஸ், இயல்பான நஷ்டத்துக்கு அப்புறம் எதுவும் கேக்கலைங்க” என்று ஒருத்தி சாட்டில் போட்டாள். அன்று ராத்திரி அதே கணக்கைக் கோடு போட்ட நோட்டில் பேனாவால் பெரிதாக எழுதினேன். ஒவ்வொரு படியையும் தனிப் பக்கமாக, மொத்தம் ஐந்து பக்கம். ஐந்தையும் போட்டோ எடுத்தேன். ஒவ்வொரு போட்டோவுக்கும் கீழே ஒரு வாய்ஸ் நோட். “இரண்டாவது போட்டோவைப் பாருங்க, மூணாவது வரி. நூறு கிலோவில் பத்து கிலோ காய்ந்து போச்சுன்னா, மீதித் தொண்ணூறு கிலோதான் மொத்த விலையையும் சுமக்கணும்.” அவ்வளவுதான்.

மறுநாள் காலைக்குள் அறுபதில் ஐம்பத்திச் சொச்சம் பேருக்கு இரண்டு நீல டிக் விழுந்திருந்தது. சிலர் விடியற்காலை நாலரைக்குக் கேட்டிருந்தார்கள். அப்பா பால் ஊற்றப் போவதற்கு முன் போன் கையில் கிடைக்கிற நேரம் அதுதானாம்.

காரணம் ரொம்ப எளியது. நாளுக்கு ஒன்றரை ஜிபி பேக்கில் ஒரு நாளைக்கு நான்கு மணி நேரம் வீடியோ வகுப்பு ஓடாது. பத்து நிமிஷ வாய்ஸ் நோட் ஒன்றிரண்டு எம்பிதான். ரேஞ்ச் கிடைக்கிற இடத்தில் இறக்கிவிட்டு, கிடைக்காத இடத்தில் கேட்கலாம். நிறுத்தலாம், திரும்பக் கேட்கலாம், தமிழிலேயே சந்தேகம் கேட்கலாம். அறுபது பேர் முன்னால் மைக்கைத் திறக்கக் கூச்சப்படுகிற பிள்ளை தனியாகக் குரலில் கேட்கும். பலன், சுலபம், சுற்றத்தார், வசதி என்று வெங்கடேஷின் மாதிரி சொல்கிற நான்கும் ஒன்றாகக் கூடிய இடம் இது. யாரும் உத்தரவு போடாமலே கூடியது.

‘ரேஞ்ச்’, ‘டவர்’ பற்றி எல்லோரும் சொல்கிறார்களே, உண்மையில் எவ்வளவு மோசம்?

கேரளப் பள்ளியில் படித்து வந்த பிள்ளை “ரேஞ்ச் இல்லை” என்பாள், கோயம்புத்தூர்ப் பிள்ளை “டவர் கிடைக்கலை” என்பாள். இரண்டும் ஒன்றுதான். எங்கள் ஊரில் போன் நின்ற இடத்திலேயே கேரள டவருக்கும் தமிழ்நாட்டு டவருக்கும் மாறி மாறித் தாவும். தாவும்போது வகுப்பு அறுந்துவிடும்.

வேலந்தாவளத்துக்கு உள்ளே தென்னந்தோப்புக்கு நடுவில் வீடு இருக்கிற ஒரு மாணவிக்குக் கிணற்று மோட்டார் ரூமின் மேல்தளத்தில்தான் நெட் எடுக்கும். ஆடி மாதம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எப்படி அடிக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டாம். அவள் மைக்கைத் திறந்தால் முதலில் வருவது காற்றுதான், அதற்குள்ளிருந்து பதில் வரும். ஒரு கையில் குடை, ஒரு கையில் போன், முழங்காலுக்கு நடுவில் நோட்டு. அந்த செமஸ்டர் முழுக்க அவள் ஒரு வகுப்பையும் விடவில்லை. இப்போதும் ஆடிக்காற்று அடித்தால் எனக்கு அவள் குரல்தான் ஞாபகம் வரும்.

மூணாறு, தேவிகுளம் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் நிலைமை இதைவிடப் பல மடங்கு கடுமை. லயங்களில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்) இருக்கிற தமிழ்ப் பிள்ளைகள் ரேஞ்சுக்காக மேட்டுக்கு ஏறிப் போய்ப் படித்தார்கள். அங்கே தொடர்பு இல்லாததன் விலை படிப்போடு நிற்கவில்லை. 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி பெட்டிமுடியில் மண் சரிந்து 70 பேர் போனார்கள், எல்லாம் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள். வெளி உலகுக்குச் செய்தி தெரிந்தது மறுநாள் காலைதான். தோட்டப் பகுதியில் ஆய்வு செய்கிறவர்கள் ‘இணைய வசதி திருப்தியா’ என்று ஐந்து கட்டம் போட்டுக் கேட்பதற்கு முன் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகள் ஏன் கேமராவை அணைத்தே வைத்திருந்தார்கள்? ஆர்வமின்மையா?

இல்லை. டேட்டா ஒரு காரணம். வீடு இன்னொரு காரணம். ஒற்றை அறை வீட்டில், பின்னால் தாத்தா படுத்திருக்க, அம்மா அரிசி களைய, அந்தப் பக்கம் பாத்திரம் விழ, அதையெல்லாம் வகுப்புக்குக் காட்ட எந்தப் பிள்ளைக்கு மனம் வரும்? ஆரம்பத்தில் “கேமராவை ஆன் பண்ணுங்க” என்று நானும் சத்தம் போட்டேன். ஒரு மாணவன் ஆன் செய்தான். முகத்தின் பின்னால் ஒரு சேலையைத் திரையாகக் கட்டியிருந்தான். எனக்காகவே கட்டியது. அன்றோடு கேட்பதை விட்டேன். அதைக் கேட்டதற்காக இன்றும் வருத்தப்படுகிறேன்.

பெண் பிள்ளைகளுக்கு இது வேறு மாதிரி இருந்ததா?

ஆமாம். வீட்டில் ஒரு போன் என்றால் அது முதலில் அப்பாவுக்கு, பிறகு அண்ணனுக்கு. வகுப்பு நடக்கிற காலை நேரம் சமையல் நேரம். என் மாணவிகள் பலர் ஒரு காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு காய் நறுக்கியபடிதான் பாடம் கேட்டார்கள். ‘ஆம்பளைப் பசங்களோட குரூப்பா?’ என்று வாட்ஸ்அப் குழுவிலிருந்து விலக்கப்பட்ட பெண்ணும் உண்டு. அவளுடைய அப்பாவிடம் நானே பேசி, பெண்களுக்கு மட்டும் தனிக் குழு தொடங்கிய பிறகுதான் அவள் திரும்ப வந்தாள்.

இங்கே ஒரு தீர்ப்பைச் சொல்ல வேண்டும். 2019 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம், இணையத்தை அணுகுவது கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கும் என்று சொன்னது. கோழிக்கோட்டுப் பக்கம் கல்லூரி விடுதியில் மாலையில் போன் கூடாது என்ற விதியை எதிர்த்து ஒரு மாணவி தொடுத்த வழக்கு அது. கொரோனாவுக்கு ஆறு மாதம் முன்பே வந்துவிட்ட தீர்ப்பு. இந்தத் தலைப்பில் எழுதுகிறவர்கள் கண்டிப்பாகப் படிக்க வேண்டும்.

மொழி ஒரு தடையாக இருந்ததா?

பொத்தான்களின் ஆங்கிலம் தடையாக இருக்கவில்லை. மியூட், ஜாயின், சப்மிட் எல்லாம் இரண்டே நாளில் பழகிவிட்டது. தடை பாடத்தின் மொழியில் இருந்தது. வகுப்பறையில் ஆங்கிலத்தில் ஒரு வரி சொல்லி, முகத்தைப் பார்த்து, புரியவில்லை என்று தெரிந்தால் தமிழில் விளக்குவோம். திரையில் முகமே இல்லை. கேரளப் பக்கம் படிக்கிற தமிழ்ப் பிள்ளைக்கு விளக்கமும் மலையாளத்தில் வரும். அதனால்தான் யூடியூபில் தமிழில் கணக்குப் பாடம் எடுப்பவர்களைப் பிள்ளைகள் தேடித் தேடிப் பிடித்தார்கள். என் பாடத்துக்கே அவர்கள் அனுப்பிய காணொளிகளை நானும் பார்த்துக் கற்றுக்கொண்டேன்.

ஸ்வயம், என்பிடெல் போன்றவற்றைப் பயன்படுத்தினார்களா?

கொஞ்சம் பேர். இரண்டும் மத்திய அரசின் இணையப் பாடத் தளங்கள். 2003 முதல் இருக்கிற என்பிடெல்லும் 2017இல் வந்த ஸ்வயமும் தரமானவை. ஆனால் எங்கள் பிள்ளைகளுக்கு யாராவது பெயர் சொல்லி, “இந்த வாரம் இதைப் பாரு” என்று சொன்னால்தான் அதன் பக்கம் போனார்கள்.

தேர்வுகள்?

கருவியை ஏற்கும் வேகம் எப்படி மாறும் என்பதற்குத் தேர்வுதான் நல்ல உதாரணம். 2020 ஜூலையில் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) இறுதிப் பருவத் தேர்வு நடந்தே ஆக வேண்டும் என்றது. ஆகஸ்ட் 28இல் உச்ச நீதிமன்றமும் தேர்வு வைக்காமல் பட்டம் தர முடியாது என்றது. தமிழ்நாட்டில் பல பல்கலைக்கழகங்களில் வீட்டிலிருந்தே ஏ4 தாளில் எழுதி, ஸ்கேன் செய்து பதிவேற்றி, தாள்களைத் தபாலிலும் அனுப்ப வேண்டும் என்று வைத்தார்கள்.

ஸ்கேன் செய்ய எல்லோரும் கேம்ஸ்கேனர்தான் வைத்திருந்தார்கள். ஜூன் 29இல் மத்திய அரசு தடை செய்த 59 செயலிகளில் அதுவும் போய்விட்டது. ஒரே வாரத்தில் ஒருத்தி அடோபி ஸ்கேனைக் கண்டுபிடித்து, எப்படிச் செய்வது என்று வாய்ஸ் நோட் போட்டு, வகுப்பே மாறிவிட்டது. ஆசிரியர் யாரும் சொல்லித் தரவில்லை. தோழி சொன்னால் போதும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

தேர்வு நாளில் கரண்ட் போனால் டார்ச் வெளிச்சத்தில் போட்டோ எடுத்தார்கள். மை காயாமல் அடுத்த தாளில் ஒட்டிக்கொண்டது. பதிவேற்றம் 98 சதவீதத்தில் நின்று சுற்றிக்கொண்டே இருக்க, எனக்குப் போன் போட்டு அழுதவர்கள் உண்டு. கையில் கவரோடு தபால் நிலையத்துக்கு ஓடி வரிசையில் நின்றவர்கள் உண்டு.

ஆசிரியர்கள் தயாராக இருந்தார்களா?

இல்லை. என் போன் ஸ்டாண்டு என்பது மூன்று தடிப் புத்தகமும் ஒரு எவர்சில்வர் டம்ளரும்தான். மூத்த ஆசிரியர்கள் சிலருக்கு அவர்களுடைய மாணவர்களே பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார்கள்.

என் ஆய்வுக்கு கூகுள் ஃபார்ம் அனுப்பித் தகவல் சேர்க்கலாமா?

இந்தக் கேள்விக்குத்தான் இவ்வளவையும் எழுதினேன். தயவுசெய்து அதை மட்டும் நம்பாதீர்கள்.

யோசித்துப் பாருங்கள். இணையக் கருவிகளை யார் ஏற்றார்கள், யார் ஏற்கவில்லை என்பது உங்கள் கேள்வி. அதை இணைய வழியாகவே கேட்டால் பதில் சொல்வது யார்? ஏற்றவர்கள் மட்டும். போன் இல்லாதவர், டேட்டா தீர்ந்தவர், குழுவிலிருந்து விலகியவர், படிப்பையே விட்டவர் ஒருவரும் அந்த லிங்கைத் தொடப் போவதில்லை. பிறகு ‘பெரும்பாலான மாணவர்கள் பயனுள்ளதாகக் கருதினார்கள்’ என்று முடிவு வரும். அந்த முடிவைப் பார்த்து அடுத்த திட்டம் போடுவார்கள். விட்டுப்போனவர்கள் இரண்டாவது முறையும் விட்டுப்போவார்கள்.

என் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். அப்பா கள் இறக்குகிறவர். ஊரடங்கில் வேலை நின்றதும் பையன் கஞ்சிக்கோட்டில் சுமை தூக்கப் போனான். முதல் மாதம் வாய்ஸ் நோட்டுக்கு ஒற்றை டிக் விழுந்தது, அப்புறம் அதே ஒற்றை டிக்தான். எந்த ஆய்வின் எண்ணிக்கையிலும் அவன் இல்லை.

அந்தக் காலத்திலிருந்து இன்று எது மிஞ்சியிருக்கிறது?

காகிதத்தில் நிறைய மிஞ்சியிருக்கிறது. ஒரு பருவத்தின் பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் வழியாகப் படித்து மதிப்பெண் வாங்கலாம் என்று 2021இல் யுஜிசி விதி கொண்டுவந்தது. வகுப்பறையில் மீட் போய்விட்டது. வகுப்புக் குழு இருக்கிறது, போட்டோவும் வாய்ஸ் நோட்டும் இருக்கிறது. உடம்பு சரியில்லாமல் வராத பிள்ளைக்குப் பக்கத்தில் இருக்கிற பிள்ளை கரும்பலகையைப் போட்டோ எடுத்து அனுப்புகிறது. நான் கணக்கைப் படி படியாகப் பக்கம் பிரித்து எழுதும் பழக்கத்தை இன்னும் விடவில்லை.

சரி, நான் எங்கிருந்து தொடங்குவது?

உங்கள் கல்லூரி அலுவலகத்தில் 2020 பிப்ரவரி வருகைப் பதிவேட்டைக் கேளுங்கள். அதே வகுப்பின் கடைசிப் பருவத் தேர்வுக்கு ஹால் டிக்கெட் வாங்கியவர்கள் பட்டியலையும் கேளுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்து, முதலாவதில் இருந்து இரண்டாவதில் இல்லாத பெயர்களைத் தனியாக எழுதிக்கொள்ளுங்கள். அந்த வீடுகளுக்கு நேரில் போங்கள், தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போனால் ஆள் இருப்பார்கள். சித்தூர் வட்டத்துக்குள் என்றால் எனக்கு முன்கூட்டிச் சொல்லுங்கள், நானும் கூட வருகிறேன்.